பதினாறு மணி நேரத்துக்கு ஐந்து நட்சத்திரம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் மச்சான் வந்தான். கதவைத் தட்டவில்லை, எப்போதும் தட்டுவதில்லை. தங்கை போய்ச் சேர்ந்தாலும் இது தங்கை வீடுதான் என்பது அவன் கட்சி. ஒரு கையில் பால் பாக்கெட், இன்னொரு கையில் போன்.

"மாப்ள, நீ மட்டும்தான் பாக்கி. மத்த எல்லாரும் போட்டாச்சு."

"என்னத்தை?"

"நட்சத்திரம்."

இருவருக்கும் ஒரே ஏஜென்சி வழியாகத்தான் வேலை. பெரிய ஆலைகள் வருஷத்துக்கு ஒரு முறை உற்பத்தியை நிறுத்திவிட்டுப் பழுது பார்க்கும். ஷட்டவுன் என்பார்கள். மூன்று நான்கு வாரம் ராட்சச வேலை நடக்கும். செய்கிற அத்தனை பேரும் ஒப்பந்தக்காரர்கள். மச்சான் ஃபிட்டர். அவன் குழாயைப் பொருத்துவான், வெல்டர் பற்றவைப்பார், பிறகு மாப்பிள்ளை வருவான். பற்றவைத்த இடத்தைச் சோதித்து, தேறியது தேறாதது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது அவன் தொழில். எந்நேரமும் டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு இரும்பை முறைத்துக்கொண்டிருப்பதால் எல்லாருக்கும் அவன் 'டார்ச்சு'. வயது முப்பத்தொன்று. மனைவி இறந்து ஏழு மாதம்.

மச்சான் போனை நீட்டினான். ஒப்பந்தக்காரர்களே நடத்துகிற பக்கம் அது. எந்த ஏஜென்சி எப்படி என்று அவரவர் நட்சத்திரம் போட்டு, கீழே நாலு வரி எழுதலாம். அவர்களுடைய ஏஜென்சிக்கு ஒன்றே முக்கால் நட்சத்திரம். மச்சான் ஒன்று போட்டு, ஏஜென்சி கொடுத்த, எட்டுப் பேர் படுத்திருந்த அறையைப் படம் எடுத்துப் போட்டிருந்தான். படத்தில் ஒருவனுடைய கால் இன்னொருவனுடைய தலையணைமேல் இருந்தது.

"இந்தப் படத்தைப் போட்டு ஒம்பது நாள்தான் ஆச்சு. இப்ப அறைக்கு நாலு பேரு. ஆறு வருஷமா வாய் வலிக்கக் கேட்டோம், அசைஞ்சாங்களா?"

"நல்லதுதானே."

"நல்லதுதானேன்னா? நீயும் போடு. நம்மளை எடுக்கறதுக்கு முன்னாடி பழைய மேஸ்திரியைக் கேக்கறான், ரத்தத்தைக் கேக்கறான், மூத்திரத்தைக் கேக்கறான். அவனைப் பத்தி நாம யாரைக் கேக்கறது? பொண்ணு பாக்க வந்தா ரெண்டு பக்கமும்தானே விசாரிக்கணும்?"

"எனக்கு அவங்கமேல குறை இல்ல, மச்சான்."

"குறை இல்லையா! உன்னை மாதிரி ஒரு ஆள்…"

"அன்னிக்கு என்னை அனுப்பி வெச்சாங்க."

மச்சான் பால் பாக்கெட்டை மேஜைமேல் வைத்தான். அது சாய்ந்தது, நிமிர்த்தி வைத்தான். "அப்ப அதை எழுது" என்றான். "நல்லதையும் எழுதினாத்தான் நாம எழுதற கெட்டதை நாலு பேர் நம்புவான்."

அதில் நியாயம் இருந்தது. மச்சான் போன பிறகு அவன் உட்கார்ந்து எழுதினான்.

அவனுக்குத் தெரிந்த எழுத்து ஒன்றே ஒன்று, ஆய்வறிக்கை. அதில் 'மிக அருமை', 'நெஞ்சார' என்பதெல்லாம் கிடையாது. நேரம், இடம், என்ன நடந்தது என்று மட்டும் வரும். எதையும் கூட்டக் கூடாது, முக்கியமாக எதையும் விடக் கூடாது. ஏழு வருஷப் பழக்கம் கைக்கு வந்தது.

'ஷட்டவுனின் ஒன்பதாம் நாள். காலை 10.40: என் மனைவியின் நிலைமை மோசம் என்று மருத்துவமனையிலிருந்து ஏஜென்சிக்குத் தகவல். எங்கள் போன்களை ஆலை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். 10.45: ஏஜென்சி கோஆர்டினேட்டர் ஆலையை அழைத்தார். சொந்தக் காரணத்துக்காக ஒருவர் வெளியேற மூன்று பிரிவுகளின் கையெழுத்து வேண்டும். குறைந்தது ஒரு நாள் ஆகும். எனவே அவர், என் கண் பரிசோதனைச் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது என்று சொன்னார். அது காலாவதியாகவில்லை. சான்றிதழ் இல்லாத ஆய்வாளரை அந்த நிமிஷமே வெளியேற்ற வேண்டும் என்பது விதி. 11.05: வாசலுக்கு வெளியே வந்தேன். ஏஜென்சி அனுப்பிய ஜீப் நின்றிருந்தது. மாலை 6.10: மருத்துவமனை. மறுநாள் காலை 10.10: மனைவி இறந்தார். எனக்குப் பதினாறு மணி நேரம் கிடைத்தது. ஐந்து நட்சத்திரம்.'

படித்துப் பார்த்தான். விடுபட்டது எதுவும் இல்லை. பதிவிட்டுவிட்டு ஒரே தட்டைக் கழுவி வைத்தான்.

மறுநாளிலிருந்து மச்சான் மணிக்கொரு தரம் கூப்பிட்டான். நானூறு பேர் விருப்பம் தெரிவித்துவிட்டார்கள். ஒரு வெல்டரின் மனைவி அழுதுவிட்டதாக எழுதியிருக்கிறாள். "மாப்ள, நீ எழுத்தாளன்டா! பேசாம டார்ச்சைக் கீழ வெச்சுடு!"

வியாழக்கிழமை வேறொரு குரல் கூப்பிட்டது.

"தம்பி, ஏஜென்சியிலிருந்து பேசறேன்."

பேர் சொல்லத் தேவையில்லை. ஏழு வருஷமாக அவனை வேலைக்கு அனுப்பிய குரல். அன்று வாசலுக்கு வெளியே போன் கைக்கு வந்ததும் முதலில் கேட்ட குரலும் அதுதான். ஆட்கள் அத்தனை பேருக்கும் அவள் அக்கா. நேரில் பார்த்தவர்கள் குறைவு.

"சொல்லுங்க அக்கா."

"நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"சந்தோஷம். எனக்குத்தான் வேலை போகப் போகுது."

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான்.

ஆலையின் ஒப்பந்தப் பிரிவில் யாரோ அந்தப் பக்கத்தைப் படித்திருக்கிறார். கடிதம் வந்துவிட்டது. உங்கள் ஆய்வாளர் காலாவதியான சான்றிதழோடு ஒன்பது நாள் வேலை பார்த்தாரா? அப்படியானால் அவர் தேற்றிய இருநூற்றுப் பதினான்கு இணைப்புகளையும் மறுபடி சோதிக்க வேண்டும். இல்லை, உங்கள் கோஆர்டினேட்டர் எங்களிடம் பொய் சொன்னாரா? இரண்டில் எது?

"பேரு போடலையே அக்கா," என்றான்.

"இந்த ஆபீஸ்ல எத்தனை கோஆர்டினேட்டர் தம்பி? நான் ஒருத்திதான். பேரு போட்டிருந்தா அதே பேர்ல இன்னொருத்தி இருக்கான்னாவது சொல்லித் தப்பிச்சிருப்பேன்."

அவன் போனை மறு காதுக்கு மாற்றினான்.

"நன்றி சொல்லணும்னு தோணியிருந்தா எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே. யாராவது ஊரைக் கூட்டிச் சொல்லுவாங்களா? குறை இருந்தா தாராளமா எழுதுங்க, நான் தடுக்கவே மாட்டேன். அந்த எட்டுப் பேர் ரூம் படத்தைப் பாத்து நானே உள்ளுக்குள்ள சிரிச்சேன். ஆனா விதியை வளைச்சு ஒருத்தர் நல்லது பண்ணா, அதை வீதியில வெக்காதீங்க தம்பி. வளைச்சது மட்டும்தான் எல்லார் கண்ணுலயும் படும்."

குரலில் கோபம் இருந்தது. அதைவிட அசதி அதிகம் இருந்தது. ஏழு மாதத்தில் அவளுக்கு ஒரு தடவைகூடப் போன் செய்யவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

மறுநாள் ஏஜென்சிக்குப் போனான். மருந்துக்கடைக்கு மேலே இரண்டாம் மாடி. நான்கு மேஜை, சுவர் முழுக்க ஆலைவாரியாக ஃபைல்கள். கணீரென்ற குரலை வைத்து அவன் ஆஜானுபாகுவான ஒரு பெண்மணியை நினைத்து வைத்திருந்தான். மேஜைக்குப் பின்னால் சோடாபுட்டிக் கண்ணாடியோடு ஒரு சின்ன உருவம் உட்கார்ந்திருந்தது. நாற்காலியிலிருந்து கால் தரையைத் தொடவில்லை.

அவன் முழித்ததைப் பார்த்து, "போன்ல நான் உயரமா இருப்பேன்," என்றாள்.

முதலாளி கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார். மரியாதையான மனிதர். தண்ணீர் கொடுத்தார், துக்கம் விசாரித்தார், பிறகு தயாராக அச்சடித்து வைத்திருந்த தாளை நகர்த்தினார். அதில் இருந்தது இதுதான்: சான்றிதழின் தேதியைத் தவறாகப் பார்த்தது அலுவலகப் பிழை. வேண்டுமென்றே பொய் சொன்னதாக நான் எழுதியது, மனைவி இறந்த மனக்கலக்கத்தில் எழுந்த கற்பனை. கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

"ஒரே ஒரு கையெழுத்து தம்பி. அவங்களும் தப்பிச்சுக்குவாங்க, நாமளும் தப்பிச்சுக்குவோம். இல்லைன்னா நான் அவங்களை அனுப்பிட்டேன்னு ஆலைக்குக் காட்டியாகணும். எனக்கு மட்டும் ஆசையா?"

இதுவரை பொய்யான அறிக்கையில் அவன் கையெழுத்துப் போட்டதில்லை. போடச் சொல்லி மேஸ்திரிகள் மிரட்டியிருக்கிறார்கள், கெஞ்சியிருக்கிறார்கள், ஒருவர் காலில்கூட விழுந்தார். அசைந்ததில்லை. இப்போது பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினான்.

கதவு திறந்தது. "சார், ஒரு நிமிஷம் இவர்கிட்ட பேசிக்கறேன்," என்று அக்கா அவனை மாடிப்படிக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். கீழேயிருந்து மருந்து வாசனை வந்தது.

"உங்களுக்கு மூளை இருக்கா? மனக்கலக்கத்துல கற்பனையா எழுதினேன்னு கையெழுத்துப் போட்ட ஆய்வாளனோட ரிப்போர்ட்டை நாளைக்கு எந்த ஆலை வாங்கும்? உங்க கையெழுத்துதான் உங்க சோறு."

"உங்க சோறு?"

"அதை நான் பாத்துக்கறேன்."

"வீட்ல யார் யாரு அக்கா?"

"ரெண்டு படிக்குது, ஒண்ணு படுத்திருக்கு. படுத்திருக்கறது மாமியார். படிக்கற ரெண்டும் படிக்குதான்னு கேக்காதீங்க." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "பதினெட்டு வருஷம் இந்த மேஜைதான். வேற வேலை எனக்குத் தெரியாது. இருந்தாலும் பொய்க் கையெழுத்து வேண்டாம். அன்னிக்கு உங்களை அனுப்பினது, நீங்க இப்படி வந்து நிக்கறதுக்கு இல்ல."

அவன் உள்ளே போனான். முதலாளியிடம் திங்கட்கிழமை வரை அவகாசம் கேட்டான். அவர் நாள்காட்டியைப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

அன்று மதியமே பஸ் ஏறினான். யோசித்துச் செய்த காரியம் என்று சொல்ல முடியாது. தேறாத இணைப்பை உட்கார்ந்து யோசித்தால் தெரியாது, இடத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது மட்டுமே அவன் கணக்கு. பொய் சொல்லப்பட்டது ஆலைக்கு. ஆலை சார்பில் அந்தப் பொய்யைக் காதில் வாங்கியவர் ஒரே ஒருவர். அவரிடம் போய்த் தன் தப்பு என்று சொல்ல வேண்டும். அவர் மனது வைத்தால் உண்டு.

அங்கேதான் சிக்கல். ஏனென்றால் அவர் 'விசில்'.

ஆலையின் பாதுகாப்பு அதிகாரிக்கு ஒப்பந்தக்காரர்கள் வைத்த பேர் அது. ஹெல்மெட் பட்டை கழன்றிருந்தால் இருநூறு அடி தள்ளியிருந்தே விசில் அடிப்பார். ஒரு தடவை இவனைப் பதினைந்து நிமிஷம் வெயிலில் நிற்க வைத்தார். சான்றிதழ் கதை நடந்த அன்றும், முப்பது பேர் பார்க்க, "கண்ணே இல்லாதவன் எல்லாம் இரும்பைப் பாக்க வந்துட்டான்! வெளிய போடா!" என்று கத்தித்தான் துரத்தினார்.

சனிக்கிழமை காலை வாசலை ஒட்டிய கண்ணாடி அறையில் அவர் இருந்தார். பின்னால் எண் போட்ட அடுக்குகளில் வரிசையாகப் போன்கள். நிமிர்ந்து பார்த்தார்.

"டார்ச்சா? வா. நீ எழுதினதைப் படிச்சேன். அதுல ரெண்டு தப்பு இருக்கு."

"சார், அதைப் பத்தித்தான்…"

"ஒண்ணு, பதினொண்ணு அஞ்சு இல்ல. பத்து அம்பத்தெட்டு. என் ரெஜிஸ்டர்ல இருக்கு. ரெண்டு, ஏஜென்சி ஜீப்புன்னு எழுதியிருக்கே. உங்க ஏஜென்சிக்கு ஜீப்பு இருக்கா? சைக்கிளாவது இருக்கா? அது என் ரவுண்ட்ஸ் ஜீப். அன்னிக்கு முழுக்க நான் நடந்தே சுத்தினேன். இந்த முட்டி அன்னிக்குப் போனதுதான், இன்னும் திரும்பி வரல."

அவன் குனிந்து அவருடைய முட்டியைப் பார்த்தான்.

"உட்காரு. உன் கண் சான்றிதழோட நகல் எங்கே இருக்கும்?"

"உங்ககிட்டதான் சார்."

"அந்த அலமாரியில. மூணாவது தட்டு. அந்தம்மா போன்ல, 'சான்றிதழ் முடிஞ்சு போச்சு சார், உடனே வெளியேத்துங்க'ங்கறாங்க. நான் எடுத்துப் பாக்கறேன், இன்னும் அஞ்சு மாசம் இருக்கு. முடியலையேம்மான்னு சொல்ல வாயைத் திறந்தேன். அந்தப் பக்கம் அழற சத்தம். பதினஞ்சு வருஷமா இந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கேன். கண் சான்றிதழ் முடிஞ்சதுக்கு அழுத ஆளை நான் பாத்ததில்ல."

"என்ன விஷயம்னு நீங்க கேக்கலையா சார்?"

"கேட்டா உண்மையைச் சொல்லிடுவாங்க. உண்மைன்னா மூணு கையெழுத்து வாங்கணும். அதான் கேக்கல."

வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. விசில் எட்டிப் பார்த்து, டிரைவரின் காலணியைப் பார்த்து, திருப்தியாகி உட்கார்ந்தார்.

"அப்ப என்னை ஏன் சார் அப்படித் திட்டினீங்க?"

"பின்னே? சான்றிதழ் இல்லாதவனைக் கொஞ்சியா அனுப்புவாங்க? முப்பது பேர் பாத்துட்டு இருந்தான். கொஞ்சம் தூக்கலாத்தான் திட்டிட்டேன். மனசுல வெச்சுக்காதே."

அவன் சிரித்தான். ஏழு மாதமாகச் சிரிக்காத முகம் என்பதால் சரியாக வரவில்லை. இருமல் மாதிரி வந்தது.

விசில் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். நிதானமாக எழுதினார். மேற்படி ஆய்வாளரின் சான்றிதழை அன்று வாசலில் நானே சரிபார்த்தேன், செல்லுபடியில் இருந்தது. என் அதிகாரத்தின்பேரில் அவரை வெளியேற்றினேன். எவரும் என்னை ஏமாற்றவில்லை. எந்த இணைப்பையும் மறுசோதனை செய்யத் தேவையில்லை. கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, ஒப்பந்தப் பிரிவுக்கு ஒன்று, ஏஜென்சிக்கு ஒன்று என்று பிரித்தார்.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாதா சார்?"

"விளக்கம் கேப்பாங்க. ஷட்டவுன்ல ஒருத்தனை வெளிய அனுப்பற அதிகாரம் எனக்கு இருக்கு. காரணம் எழுதற கட்டம்தான் ரொம்பச் சின்னது, அதுல இதெல்லாம் கொள்ளாதுன்னு சொல்லுவேன்."

அவன் எழுந்தான். "நன்றி சார்" என்றான். சொல்லிவிட்டு, போதவில்லை என்று தோன்றி, இன்னொரு தடவை சொன்னான்.

"சரி சரி. இதோட நிறுத்திக்கோ. என்னைப் பத்தி அந்த நட்சத்திரப் பக்கத்துல ஒரு வரி எழுதினே, அடுத்த ஷட்டவுனுக்கு உள்ள விட மாட்டேன். நான் படுமோசமானவன்னு நாலாயிரம் பேர் நம்பிட்டிருக்கான். அந்தப் பயத்துலதான் ஹெல்மெட் போடறான்."

திரும்பி வரும் பஸ்ஸில் அவன் பழைய பதிவை நீக்கினான். நன்றியை நீக்குவது போல இருந்தது. ஆனால் ஏஜென்சிக்குத் தரவேண்டிய மதிப்பு வேறு, அக்காவுக்குத் தரவேண்டியது வேறு என்பது இப்போது தெளிவாக இருந்தது. ஏஜென்சியைப் பற்றி மட்டும் புதிதாக எழுதினான். 'ஏழு வருஷமாக இவர்கள் வழியாக வேலை செய்கிறேன். சொன்ன வேலைக்கே அனுப்பினார்கள். அலுவலகத்தில் போன் எடுக்கிறார்கள். ஆனால் ஷட்டவுன் நடுவில் வீட்டிலிருந்து அவசரம் வந்தால் ஓர் ஆளை உடனே அனுப்ப இவர்களிடம் விதி எதுவும் இல்லை. இருக்க வேண்டும். மூன்று நட்சத்திரம்.'

மச்சான் அரை மணியில் கூப்பிட்டான். "அஞ்சுலேர்ந்து மூணுக்கு வந்துட்டியே மாப்ள! இன்னும் ஒரு தடவை பஸ் ஏறு, என் ஒண்ணுக்கு வந்துடுவே."

திங்கட்கிழமை ஏஜென்சிக்கு அவன் போகும் முன்பே ஆலையிலிருந்து பதில் வந்திருந்தது. கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம் என்று ஒரே வரி. அச்சடித்த தாளை முதலாளி தானே கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். அக்காவுக்கு, நடைமுறையை மீறியதற்காக எச்சரிக்கைக் குறிப்பு ஒன்று. அவள் அதை வாங்கி, தன் பேரில் ஒரு புது ஃபைல் போட்டு, துளையிட்டுக் கோத்து, அலமாரியில் வைத்தாள். மேஜை அவளுடையதாகவே இருந்தது.

"அந்த மூணு நட்சத்திரத்துக்கு என்ன பதில் போடறது?" என்று முதலாளி கண்ணாடி அறையிலிருந்து கேட்டார். "கீழே எழுபது பேர் ஆமா ஆமான்னு எழுதியிருக்கான்."

"விதி ஒண்ணு எழுதிட்டுப் பதில் போடலாம் சார்," என்றாள் அக்கா. "நான் வரைவு எழுதித் தர்றேன்."

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மதிய இடைவேளையில் மற்ற மேஜைக்காரர்கள் சாப்பிடக் கீழே இறங்கினார்கள். அவன் அக்காவின் எதிரே உட்கார்ந்தான். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வாக்கியம் கைவிட்டது.

"அன்னிக்கு நீங்க பண்ணதுக்கு நன்றி அக்கா," என்றான். "அப்பவே வந்து சொல்லியிருக்கணும்."

அவள் தலையாட்டினாள். டிபன் டப்பாவின் மூடியைத் திறந்தாள், மறுபடி மூடினாள். ஏதோ கேட்க வந்து தயங்குவது தெரிந்தது. வேலை பற்றி இல்லை. வேலைக் கதைதான் முடிந்துவிட்டதே.

"தம்பி, ஒண்ணு கேக்கலாமா? ஏழு மாசமா நினைச்சுக்குவேன். கேக்கத்தான் வாய் வரல. நீங்க போய்ச் சேர்ந்தப்ப… அவங்க பேசினாங்களா?"

அதை யாரும் அவனிடம் கேட்டதில்லை. மச்சான்கூடக் கேட்டதில்லை. அவன் எழுதிய அறிக்கையிலும், எதையும் விடக் கூடாது என்று எழுதியதிலும், அந்தப் பதினாறு மணி நேரத்துக்குள்ளே என்ன இருந்தது என்று ஒரு வரிகூட இல்லை.

"பேசினா அக்கா. ரெண்டு மணி நேரம் நல்லாப் பேசினா. என்னைப் பாத்ததும் முதல் வார்த்தையே, 'வாஷிங் மெஷின்ல துணி கிடக்கு, நாறிடும்'னுதான்."

அக்கா சிரித்துவிட்டாள். சிரித்தபடியே கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"அப்புறம்?" என்றாள்.

அவன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.